ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் முன்னாள் படைவீரர்: பொறுப்பை அவர் கையில் கொடுப்பது எப்படி?

என் அப்பா பீரங்கிப் படையில் 24 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். நான்கு வருடங்களுக்கு முன் இதயம் பலவீனமாகி, மூச்சு வாங்கி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் நர்ஸ் வந்து மாத்திரைகளை விளக்கினார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அப்பா கட்டில் ஓரத்தில், சட்டைப் பட்டன் எல்லாம் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். பீரங்கிச் சத்தத்தில் அவருடைய இடது காது எப்போதோ போய்விட்டது. நர்ஸ் நின்றது இடது பக்கம்.

பன்னிரண்டாம் நாள் இரண்டு காலும் வீங்கி மறுபடி அட்மிஷன்.

அந்தப் பன்னிரண்டு நாளும் நான் அவரை விழுந்து விழுந்து கவனித்தேன். மாத்திரையை நான் எடுத்துக் கொடுத்தேன், தண்ணீரை நான் அளந்து வைத்தேன், டாக்டரிடம் நான் பேசினேன். நான் ஆபீஸ் போன நாட்களில் அம்மா தடுமாறினார். அப்பாவுக்கு எந்த மாத்திரை எதற்கு என்றே தெரியாது. ஒரு பீரங்கிக்கும் அதைச் சுற்றி நிற்கும் ஆட்களுக்கும் பொறுப்பாக இருக்கும் ஹவில்தாரை அந்தப் படையில் ‘நம்பர் ஒன்’ என்பார்கள். அப்படி இருந்த மனிதரை நான் குழந்தை மாதிரி உட்கார வைத்திருந்தேன். இரண்டாவது முறை வீட்டுக்கு வந்தபோது வேறு மாதிரி செய்தோம். அதற்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதையும், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். நடத்தும் பாலிகிளினிக்கின் வராந்தாவில் காத்திருந்த மற்ற குடும்பங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். தமிழ்நாட்டில், அந்தத் திட்டத்தின் அட்டை வைத்திருக்கும் வயதான படைவீரர்களையும் அவர்கள் வீட்டாரையும் மனதில் வைத்து எழுதியது இது.

முதலில் இரண்டு விஷயம்

ஒன்று, சிக் ரிப்போர்ட். ராணுவத்தில் உடம்பு சரியில்லை என்றால் காலையில் சிக் ரிப்போர்ட் போய், படைப்பிரிவின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமில் வரிசையில் நிற்க வேண்டும். அடிக்கடி போகிறவனை வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று நினைப்பார்கள். இருபது வருடம் அந்தப் பார்வைக்குப் பயந்தவருக்கு, எழுபத்தைந்து வயதில் ‘நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது’ என்று சொல்ல வாய் வராது. ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்பார். அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். அவர் பொய் சொல்வதாக அர்த்தமில்லை, அப்படித்தான் அவரைப் பழக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்று, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சில வாரங்கள் தனி ஆபத்துக் காலம். யேல் பல்கலைக்கழக இதய மருத்துவர் ஹார்லன் க்ரம்ஹோல்ஸ் 2013-இல் இதை ஒரு தனி நிலையாகவே எடுத்துச் சொன்னார். ஆஸ்பத்திரியில் தூக்கம் கெடுகிறது, சாப்பாடு குறைகிறது, படுத்தே இருப்பதால் தசை கரைகிறது, மனம் குழம்புகிறது. அதனால் எந்த நோய்க்குப் போனாரோ அதற்குச் சம்பந்தமே இல்லாத காரணத்துக்காக மறுபடி போக வேண்டி வருகிறது. முதியோர் மருத்துவர் எரிக் கோல்மன் அமெரிக்காவின் கொலராடோவில் இதற்கு ஒரு வழி கண்டார். ஒரு பயிற்சியாளர் நோயாளியின் வீட்டுக்கு ஒரு தடவை நேரில் போவார், அப்புறம் சில தடவை போனில் பேசுவார், நாலு வாரம். அவர் எதையும் செய்து கொடுக்க மாட்டார், நோயாளியே செய்யப் பழக்குவார். மாத்திரைகளைத் தானே கையாள்வது, தன் மருத்துவக் குறிப்பைத் தானே வைத்துக்கொள்வது, மறுபரிசோதனைக்குத் தவறாமல் போவது, ஆபத்து அறிகுறிகளைத் தெரிந்து வைத்திருப்பது என்று நாலே விஷயம். அப்படிப் பழகியவர்கள் மறுபடி ஆஸ்பத்திரிக்குத் திரும்புவது குறைந்ததை 2006-இல் வெளியான அவருடைய ஆய்வு காட்டியது.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, இந்த நாலையும் நம் படைவீரர்கள் ஏற்கெனவே வேறு பெயரில் செய்து பழகியவர்கள் என்பதுதான். நேரத்துக்கு எழுவது, கணக்கு எழுதுவது, பொருளைச் சரிபார்த்து வாங்கிக்கொள்வது, ஆபத்து தெரிந்தால் உடனே மேலே தகவல் கொடுப்பது. நாம் செய்ய வேண்டியது அந்தப் பழக்கத்தை அவர் உடம்பின் பக்கம் திருப்பி விடுவது.

படி 1: வார்டிலேயே சார்ஜ் வாங்குவது

ஒரு பதவியிலிருந்து இன்னொருவர் பொறுப்பேற்கும்போது ராணுவத்தில் ‘சார்ஜ்’ கொடுப்பார்கள், வாங்குவார்கள். எண்ணிப் பார்த்து, கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம்தான் கையெழுத்து. டிஸ்சார்ஜையும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். அப்பாவிடம் நான் ‘இன்னிக்கு ஆஸ்பத்திரிக்காரங்க உங்ககிட்ட சார்ஜ் கொடுக்கறாங்கப்பா, சரிபார்த்து வாங்குங்க’ என்றுதான் சொன்னேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தலையணை அடியிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

நர்ஸையோ டாக்டரையோ, நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் வந்து, அவர் முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். தயங்காதீர்கள், ‘சிஸ்டர், அப்பாவுக்கு வலது பக்கம்தான் கேட்கும்’ என்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பீரங்கி, டாங்கி, எஞ்சின் அறை என்று சத்தத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் காது மந்தமாக இருப்பது சகஜம். அவர்கள் தலையாட்டுவதைப் புரிந்ததற்கு அடையாளமாக எடுக்கக்கூடாது. சொல்லி முடித்ததும் அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்: எந்த மாத்திரை எதற்கு, எப்போது, எத்தனை நாள். ஆர்டர் வாங்கியதும் அதைத் திருப்பிச் சொல்வது அவருக்குப் பழகிய வேலைதான். தடுமாறும் இடம் எது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கிளம்புவதற்கு முன் அவர் வாயால் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எனக்கு என்ன வியாதி, ஒரு வரியில் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் சாப்பிட்ட மாத்திரைகளில் எது நின்றது, எது மாறியது, எது புதுசு? மறுபடி எப்போது, எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும்? வரவேண்டிய பரிசோதனை முடிவு ஏதாவது பாக்கி இருக்கிறதா? குளிக்கலாமா, மாடி ஏறலாமா, சைக்கிள் ஓட்டலாமா? எது நடந்தால் உடனே வரவேண்டும், ராத்திரி என்றால் எந்த நம்பர்? இதில் இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. ‘எது நின்றது’ என்பதைச் சொல்லாமல் விட்டால், வீட்டில் இருக்கும் பழைய மாத்திரைகள் எல்லாம் தொடரும்.

குடிப்பழக்கம் இருந்தால் உண்மை அளவை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ராணுவ கேன்டீனில் வாங்கும் ரம் பல வீடுகளில் மாலை வழக்கம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தினமும் குடித்தவர் ஆஸ்பத்திரியில் திடீரென்று நிறுத்தியதால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கிக் குழம்பிப் போவதுண்டு, அதை வயதுக் குழப்பம் என்று நினைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து மறுபடி ஆரம்பித்தால் தூக்க மாத்திரை, வலி மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாவற்றோடும் மோதும். ‘அளவோடு கொஞ்சம் பரவாயில்லையா?’ என்ற கேள்வியை அவரே டாக்டரிடம் கேட்கட்டும். நாம் கேட்டு வந்து சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும்.

காகிதங்கள்: டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஸ்டென்ட் அல்லது மூட்டு வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கர் உள்ள தாள். இ.சி.எச்.எஸ். கணக்கில் பணம் கட்டாமல் சிகிச்சை பெற்றிருந்தாலும், பில்லில் அவருடைய கையெழுத்து வாங்கும்போது அதைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் டிஸ்சார்ஜ் என்றால், திங்கட்கிழமை பாலிகிளினிக் திறக்கும் வரைக்குமான மாத்திரை கையில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

படி 2: டிரங்குப் பெட்டியைக் கவிழ்ப்பது

வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு, அன்றைக்கோ மறுநாளோ, இந்த ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

அப்பாவின் மாத்திரைகள் அவருடைய பழைய கறுப்பு டிரங்குப் பெட்டியில் இருந்தன. மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவருடைய நம்பரும் ரேங்க்கும் பெயரும். பாயை விரித்து எல்லாவற்றையும் கொட்டினோம். மூன்று வருட மாத்திரைகள். பாலிகிளினிக்கில் மாதாமாதம் கொடுத்ததில் மிச்சம், கடையில் வாங்கியது, சித்தப்பாவுக்கு எழுதிக் கொடுத்ததில் பாதி அட்டை, பெயர் கிழிந்த அட்டைகள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். நான் டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒத்துப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது: ஆஸ்பத்திரியில் எழுதியது ஆஸ்பிரினும் அட்டார்வாஸ்டாட்டினும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே கேப்ஸ்யூல். பாலிகிளினிக்கில் முன்பே கொடுத்திருந்தது ஆஸ்பிரின் தனி, அட்டார்வாஸ்டாட்டின் தனி. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் மூன்றையும் வேளை தவறாமல் கொடுத்திருந்தேன்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. ஆஸ்பத்திரியில் கம்பெனிப் பெயரில் எழுதுவார்கள், பாலிகிளினிக்கில் அதே மருந்து வேறு கம்பெனிப் பெயரிலோ மருந்தின் பொதுப் பெயரிலோ வரும். நிறம் வேறு, வடிவம் வேறு. ‘இதுவும் டாக்டர் கொடுத்தது, அதுவும் டாக்டர் கொடுத்தது’ என்று இரண்டையும் சாப்பிடுகிறார்கள். ரத்த அழுத்த மாத்திரை இப்படி இரட்டிப்பானால் காலையில் எழுந்து நிற்கும்போதே மயங்கி விழுவார்.

அதனால் அட்டைகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள். சம்மரியில் உள்ளவை, நிறுத்தச் சொன்னவை, எதுவென்று தெரியாதவை. முதல் குவியலைப் பெட்டிக்குள் வையுங்கள். இரண்டாவதை வீட்டை விட்டே வெளியேற்றுங்கள். மூன்றாவதை ஒரு பையில் போட்டுப் பாலிகிளினிக்குக்கு எடுத்துப் போய் மருந்தாளுநரிடம் காட்டுங்கள். தெரியும் வரை அதில் ஒன்றையும் தொட வேண்டாம். அப்புறம் ஒரே ஒரு பட்டியல் எழுதுங்கள். அவரே எழுதட்டும், கை நடுங்கினால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். மருந்தின் பெயர், எதற்கு, காலை–மதியம்–இரவு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. ‘எதற்கு’ என்ற கட்டம் அவருடைய சொந்தச் சொல்லில் இருக்க வேண்டும். ஃபுரோஸ்மைடுக்கு நேராக அப்பா எழுதியது ‘நீர் இறக்க’.

நீர் இறங்கும் மாத்திரையைக் காலையில் போட வேண்டும், இரண்டாவது வேளை இருந்தால் சாயங்காலத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். ராத்திரி போட்டால் மூன்று தடவை எழுந்து இருட்டில் கழிவறைக்கு நடப்பார். இடுப்பெலும்பு முறிவுக்கு அது ஒரு வழி. மூட்டு வலிக்கென்று மருந்துக் கடையில் சும்மா கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைகள், இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகம் குறைந்தவர்களுக்கும் உடம்பில் நீரைக் கோத்துவிடும். எங்கள் வீட்டில் கால் வீங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று டாக்டர் சொன்னார். முட்டி வலிக்கு அப்பா யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டிருந்தார். சிக் ரிப்போர்ட் போகக் கூடாதே!

படி 3: பாலிகிளினிக்

2003-இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ்.-க்குத் தமிழ்நாட்டில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மண்டல மையங்கள் இருக்கின்றன, அவற்றின் கீழே மாவட்டங்களில் பாலிகிளினிக்குகள். டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரத்திலேயே அங்கே போய் மெடிக்கல் ஆபீசரிடம் சம்மரியைக் காட்டிவிடுங்கள். மாத்திரை மாறியது அவர்கள் பதிவில் ஏறவில்லை என்றால் அடுத்த மாதமும் பழைய மாத்திரையே வரும். இருப்பில் இல்லாத மருந்துக்கு ‘இல்லை’ என்று குறித்துக் கொடுப்பார்கள். அதை எங்கே, எப்படி வாங்கிக்கொள்ளலாம் என்று அங்கேயே கேட்டு, அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் ‘பதினைந்து நாள் கழித்து வாங்க’ என்று சொன்னால், அந்த மறுபரிசோதனைக்கும் பாலிகிளினிக்கிலிருந்து எழுதி அனுப்பும் சீட்டு, அதாவது ரெஃபரல், வேண்டும். பதினாலாம் நாள் போய் நின்றால் கூட்டத்தில் கிடைக்காமல் போகலாம், முதல் தடவை போகும்போதே வாங்கிவிடுங்கள். ரெஃபரலுக்குக் கெடு உண்டு, தேதியைப் பாருங்கள். வயது மிகவும் முதிர்ந்தவர்கள் ரெஃபரல் இல்லாமலே சிறப்பு மருத்துவரை வெளிநோயாளியாகப் பார்க்கச் சலுகை இருக்கிறது. அவர் வயதுக்கு அது பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

அவசரம் என்றால் ரெஃபரலுக்காகக் காத்திருக்கவே கூடாது. இ.சி.எச்.எஸ். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகலாம். உயிர் போகும் அவசரத்தில் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்டுப் பெறுவதற்கு அந்தத் தகவல்தான் அடிப்படை. இந்த 48 மணி நேரம் என்பதை அம்மாவும் தெரிந்து வைத்திருக்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டில் இருப்பவர் அவர்தான்.

கவுன்டரில் அட்டையை அவரே நீட்டட்டும், பேச்சையும் அவரே பேசட்டும். பாலிகிளினிக் ஊழியர்களில் பலரும் முன்னாள் ராணுவத்தினர், அங்கே அவரை ‘சாப்’ என்று கூப்பிட ஆள் இருக்கிறது. பின்னால் ஃபைலோடு நில்லுங்கள், அவர் திரும்பிப் பார்க்கும்போது மட்டும் வாயைத் திறந்தால் போதும்.

படி 4: நோட்டு

ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு வரலாற்றுப் புத்தகம் உண்டு என்று அப்பா சொல்வார். எத்தனை குண்டு சுட்டது, என்ன பழுது பார்த்தது, எல்லாம் அதில் ஏற வேண்டும். ‘உங்களுக்கும் ஒன்னு போடலாமா?’ என்று கேட்டேன். மறுநாள் காலை அவரே கடைக்கு ஆள் அனுப்பி நீள நோட்டு வாங்கி ஸ்கேலால் கோடு போட்டு வைத்திருந்தார்.

என்ன எழுதுவது என்பது வியாதியைப் பொறுத்தது. இதயம் பலவீனமானவர் காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, எதுவும் சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில், ஒரே தராசில் எடை பார்த்து எழுத வேண்டும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, அது சதை இல்லை, நீர். கால் வீங்குவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். சர்க்கரைக்காரர் சர்க்கரை அளவை எழுத வேண்டும். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்தை ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பாருங்கள். நடந்து வந்த மூச்சோடு பார்த்தால் தப்பாகக் காட்டும்.

வலியை எழுத வைப்பதுதான் கஷ்டம். ‘வலிக்குதா?’ என்ற கேள்விக்குப் பதில் வராது. நாங்கள் வேறு மாதிரி கேட்டோம்: ‘நேத்து எத்தனை தலையணை வச்சுப் படுத்தீங்க?’ ‘வாசல் வரைக்கும் நிக்காம போனீங்களா?’ எண்ணிக்கை கேட்டால் சரியாகச் சொல்கிறார். தலையணை ஒன்றிலிருந்து மூன்றானால் நுரையீரலில் நீர் ஏறுகிறது என்று அர்த்தம். அதை அவர் வலி என்று சொல்லவே மாட்டார், நோட்டில் ‘3’ என்று எழுதுவார்.

படி 5: எப்போது யாரைக் கூப்பிடுவது

நோட்டின் பின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

உடனே 108: நெஞ்சில் அழுத்தமோ இறுக்கமோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுவது, வாய் கோணுவது, ஒரு கை அல்லது கால் விழுவது, பேச்சு குழறுவது, நினைவு தப்புவது, நிற்காத ரத்தம். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதனால் ‘கொஞ்சம் படுத்துப் பார்க்கிறேன்’ என்பதற்கு இடம் கொடுக்காதீர்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று எழுதி எடுத்துப் போங்கள்.

அன்றைக்கே போன்: எடை ஏறுவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, காய்ச்சல், தையல் போட்ட இடம் சிவந்து சூடாகிச் சீழ் வைப்பது, சிறுநீர் குறைவது, கறுப்பாக மலம் போவது, நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று நாள் கிழமை தெரியாமல் பேசுவது. கடைசியாகச் சொன்னதை ‘வயசாச்சு’ என்று விட்டுவிடுகிறார்கள். வயதானவர்களுக்கு நுரையீரல் தொற்றும் சிறுநீர்த் தொற்றும் சில சமயம் காய்ச்சலே இல்லாமல் குழப்பமாகத்தான் முதலில் தெரியும்.

அவரிடம் இதைச் சொல்லும் விதம் ஒன்று உண்டு. ‘உங்களுக்காகக் கூப்பிடச் சொல்லவில்லை. எதிரி நடமாட்டம் தெரிந்தும் சென்ட்ரி தகவல் கொடுக்காமல் இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று அப்பாவின் பழைய நண்பர், பைபாஸ் ஆன சுபேதார் ஒருவர், வீட்டுக்கு வந்து கேட்டார். நான் ஒரு மாதம் சொல்லியும் ஏறாதது அன்றைக்கு ஏறியது. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில், ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்களே, தெருவுக்கு நாலு பேர் இப்படிக் கிடைப்பார்கள். மற்ற ஊர்களிலும் கேன்டீன் வரிசையில் தேடினால் கிடைப்பார்கள். அதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரை வாரம் ஒரு தடவை வந்து பேச வையுங்கள்.

படி 6: உடம்பு, சாப்பாடு

இரண்டு தப்பும் நடக்கும். சிலர் படுக்கையை விட்டே எழ மாட்டார்கள், சிலர் மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். அப்பா இரண்டாவது ரகம். தடுத்தால் கேட்க மாட்டார், அளவு குறித்துக் கொடுத்தால் கேட்பார். டாக்டரிடம் கேட்டு, முதல் வாரம் ஐந்து நிமிடம் மூன்று வேளை, அடுத்த வாரம் பத்து நிமிடம் என்று நோட்டில் எழுதினோம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பேச்சு நின்றால் நடையையும் நிறுத்த வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். குளியலறையில் கைப்பிடியும், கட்டிலிலிருந்து கழிவறை வரை ராத்திரி விளக்கும் முதல் நாளே போட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்து பிசியோதெரபி தேவைப்பட்டால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அது உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

உப்பைக் குறைக்கச் சொன்னால் குழம்பில் குறைப்போம், தட்டின் ஓரத்தில் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு அப்படியே இருக்கும். முதலில் வெளியேற வேண்டியவை அவைதான். இந்துப்பும் உப்புதான். கடையில் விற்கும் ‘சோடியம் குறைந்த’ உப்பில் பொட்டாசியம் இருக்கும், சில இதய மாத்திரைகளோடும் சிறுநீரகக் கோளாறோடும் அது ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் காலையில் அந்த அளவை பாட்டிலில் நிரப்பி அவர் பக்கத்தில் வையுங்கள். காபி, ரசம், மோர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

படி 7: ராத்திரிகள்

ஐ.சி.யூ.வில் இருந்து வந்தவர்களுக்குக் கெட்ட கனவு வருவது பொதுவானது. போர்க்களம் பார்த்தவர்களுக்கு அதோடு பழையதும் கிளம்பலாம். 1971-இலோ, 1987 முதல் 1990 வரை இலங்கையிலோ, கார்கிலிலோ பார்த்தது, இத்தனை வருடம் வாயே திறக்காதது, ராத்திரி மூன்று மணிக்கு வரும். அதட்டி எழுப்பாதீர்கள், விளக்கைப் போட்டு, எட்ட நின்று, பெயரோ உறவோ சொல்லிக் கூப்பிட்டு, இது நம் வீடு என்று சொல்லுங்கள். பேசினால் கேளுங்கள், பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் குறைந்து யாரிடமும் பேசாமல் இருந்தால் மெடிக்கல் ஆபீசரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், வீட்டாரும் பேசலாம். ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள்.

அம்மாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் எல்லையில் இருந்தபோது வீட்டைத் தனியாக நடத்திய பெண்கள் இவர்கள். இப்போது எழுபது வயதில் அவர்களைத்தான் நர்ஸாக்குகிறோம். அவர்களுடைய முட்டி வலிக்கும் அதே இ.சி.எச்.எஸ்.-இல் இடம் உண்டு. அப்பாவின் அடுத்த பாலிகிளினிக் நாளில் அம்மாவின் அட்டையையும் எடுத்துப் போங்கள்.

பணம், காகிதம்: சுருக்கமாக

நவம்பரில் உயிர்ச் சான்று கொடுக்கும் சமயத்தில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டால் பென்ஷன் நிற்கும். முக அடையாளம் வைத்து வீட்டிலிருந்தே செல்போனில் கொடுக்கலாம், பிள்ளைகள் செய்து கொடுங்கள். 100 சதவீத ஊனத்துக்கான ஊனமுற்றோர் ஓய்வூதியம் பெறுபவருக்குத் துணை ஆள் படி கிடைக்கலாம். பென்ஷன் இல்லாத முன்னாள் படைவீரர்களுக்கு மருத்துவ உதவித்தொகை உண்டு. இரண்டுக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

அவரால் பொறுப்பு எடுக்க முடியாவிட்டால்

மறதி முற்றியவர், பக்கவாதத்தில் பேச்சு போனவர், பார்வை போனவர் இருக்கிறார்கள். முழுப் பொறுப்பு முடியாது என்றாலும் ஒரு துண்டாவது அவர் கையில் இருக்கட்டும். பார்வை போன ஒருவர் தினமும் எட்டு மணிக்கு ரேடியோ செய்தி முடிந்ததும் ‘மாத்திரை டைம்’ என்று வீட்டுக்கே குரல் கொடுப்பார். எடுத்துக் கொடுப்பது மருமகள், நேரத்துக்குப் பொறுப்பு அவர். மாத்திரைப் பெட்டி மட்டும் மறதிக்காரர் கையில் இருக்கக் கூடாது. போட்டதை மறந்து மறுபடி போடுவார்.

30-ஆம் நாள்

ஒரு மாதம் முடிந்ததும் நோட்டை நடுவில் வைத்து எல்லோரும் உட்காருங்கள். எடை எப்படிப் போகிறது, எந்த நாட்களில் மாத்திரை விட்டுப்போனது, ஏன்? எங்கள் நோட்டில் விட்டுப்போன நாட்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. என் பிள்ளைகள் வந்து கலகலப்பாக இருந்ததில் மதிய மாத்திரை மறந்திருந்தது. அப்பாவே அதைக் கண்டுபிடித்து, ஞாயிறு மதிய மாத்திரையைப் பேத்தியின் பொறுப்பில் கொடுத்தார். அவள் ஐந்தாம் வகுப்பு, ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை.

அப்புறம் நீங்கள் செய்துகொண்டிருக்கும் வேலைகளை ஒவ்வொன்றாக அவரிடம் விட்டுவிடுங்கள். முதலில் வாரத்துக்கான மாத்திரையைப் பெட்டியில் அடுக்குவது. அவர் அடுக்கட்டும், நீங்கள் எண்ணிப் பாருங்கள், நாலு வாரம் தப்பில்லாமல் போனால் எண்ணுவதையும் நிறுத்துங்கள். அடுத்தது டாக்டருக்குப் போன் செய்வது. கடைசியாகப் பாலிகிளினிக். டாக்டர் பஸ்ஸில் போகலாம் என்று சொன்ன பிறகு, ஃபைல், அட்டை, நோட்டு மூன்றும் பையில் இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லி, பஸ் நிறுத்தம் வரை மட்டும் கூடப் போய்விட்டு வாருங்கள்.